கோவூர்கிழார் மீட்ட புலவனும் பொறி காட்டும் ஐயமும்

தமிழ்நாட்டு அரசு 2020ஆம் ஆண்டில் செயற்கை நுண்ணறிவுக்கெனப் பாதுகாப்பும் அறமும் பற்றியதொரு கொள்கையை வெளியிட்டது. இலக்கிய மாணாக்கர் கையிற் பெரிதும் புகாத ஏடு அது. அதனை இவ்விதழில் ஆராயப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். ஆயினும் அறம், நடுவுநிலை, பொறுப்பு ஆகிய கருத்துகளே அக்கொள்கையைத் தாங்கி நிற்பவை. அவை தமிழிற் பெற்று வந்த பொருளை ஆராய்தல் தமிழாசிரியர்க்கு உரிய பணியே ஆம். எனவே அவ்வேட்டைப் புறநானூற்றுப் பாட்டொன்றோடும் வைணவ மரபு வழங்கும் வரலாறொன்றோடும் வைத்து ஈண்டு நோக்குவாம். இரண்டும் உறையூரோடு தொடர்புடையன. பின்னது காவிரியைக் கடந்து திருவரங்கம் வரை செல்வது. பண்டைத் தமிழர் பொறியறிவையும் முன்னரே கண்டிருந்தனர் என நிறுவப் புகுவார் கூட்டத்தில் எம்மைச் சேர்த்தல் வேண்டா. அத்தகு பெருமை தேடல் எம் நோக்கமன்று.

புறநானூற்று நாற்பத்தேழாம் பாட்டின் கொளு ஒரு வழக்கைச் சுருங்கக் கூறுகின்றது. சோழர் குடியினராகிய நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் தம்முட் பகைத்து நின்ற காலம். நலங்கிள்ளியிடமிருந்து உறையூர்க்குள் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றனாக வந்தவன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லத் தலைப்பட்டான். அந்நிலையிற் கோவூர்கிழார் பாடி அப்புலவனை உய்வித்தார். பாட்டினுள் உறையூரின் பெயரில்லை, இளந்தத்தன் பெயரில்லை, ஒற்று என்னும் சொல்லும் இல்லை. இந்நிகழ்ச்சி முழுதும் கொளுவையே பற்றுக்கோடாகக் கொண்டது. கொளுக்களை எத்துணை நம்பலாம் என்பதில் அறிஞர் ஒருமித்தாரல்லர். எனினும் கொளுவை நீக்கிப் படித்தால் பாட்டு பரிசிலர் வாழ்க்கையின் பொதுப் புகழாக மெலிந்து விடுகின்றது. கொளுவோடு படித்தால் ஒவ்வொரு சொல்லும் ஓர் உயிரை நோக்கி நிற்கின்றது. கொளுவோடு படித்தலே பொருந்தும் என்பது எம் துணிபு.

நெடுங்கிள்ளி எதனைக் கொண்டு ஐயுற்றான்? கொளு தரும் சான்று ஒன்றே: அவன் பகைவனிடமிருந்து வந்தான். அவன் செய்ததாக ஒன்றும் கூறப்படவில்லை. வந்த இடமே குற்றமாயிற்று. 'இன்னாரிடமிருந்து வருவோர் ஒற்றர். இவன் அங்கிருந்து வந்தான். ஆதலின் இவன் ஒற்றன்' என்னும் வரிசையில் அரசன் அறிவு இயங்கியது. போர்க்காலத்தில் இவ்வரிசை பலமுறை மெய்யாகவும் இருந்திருக்கும். அதனாலேயே அது பெருந்தீங்கு பயப்பது.

கோவூர்கிழார் இதற்கு விடையாகக் கூறுவது யாது? வள்ளல்களை நினைந்து பறவை போற் சுரம் பல கடந்து செல்வதும், பெற்றது கொண்டு மகிழ்ந்து சுற்றத்தை உண்பித்தலும், பேணி வையாது பிறர்க்கு வழங்குதலும், மதிப்பிற்காக மட்டுமே வருந்துதலும் புலவர் வாழ்க்கை என்கின்றார்; அவ்வாழ்க்கை பிறர்க்குத் தீது அறியுமோ என வினவுகின்றார். கற்றோர் அவையில் எதிர்ப்பட்டாரை நாணச் செய்து தலைநிமிர்ந்து செல்லுதலே அவர் செய்யும் 'தீங்கு' என்றும், அவ்வகையில் நாடாளும் செல்வர்க்கு அவர் தாழ்ந்தாரல்லர் என்றும் முடிக்கின்றார்.

இவ்விடத்துப் பாட்டைப் புகழ்ந்து மேற்செல்வது எளிது. ஆயின் திறனாய்வாளர் கேட்கற்பாலதொரு வினா உண்டு. இளந்தத்தன் ஒற்றனல்லன் என்பதற்குக் கோவூர்கிழார் காட்டிய சான்று எங்கே? ஒன்றும் இல்லை. அரசன் ஒரு வகையைக் கொண்டு ஒருவனை அளந்தான். புலவர் வேறொரு வகையைக் கொண்டு அவனை அளந்தார். 'நலங்கிள்ளியின் பக்கத்தான்' என்னும் பெயரை நீக்கிப் 'புலவன்' என்னும் பெயரைச் சூட்டினார். புலவனாயிருந்தும் ஒற்றனாதல் கூடுமே! சொல்லளவில் நோக்கின், வாதம் வகையை வகையால் எதிர்த்தது என்பதற்குமேல் இல்லை.

அங்ஙனமாயின் அரசன் எதனால் மனம் மாறினான்? விடை பாட்டின் சொற்களைக் காட்டிலும் பாடியவர் நின்ற இடத்தில் உள்ளது என யாம் கருதுகின்றோம். கோவூர்கிழார் யார்? நலங்கிள்ளியைப் பலபடப் பாடியவர். அவரே ஆவூரில் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியை இடித்துரைத்தவர். உறையூர் முற்றுகையின்போது இருவரும் சூடியது ஆத்தியே, எவர் தோற்பினும் தோற்பது நும் குடியே எனக் கூறியவர். அரசன் இளந்தத்தன்மேல் வைத்த அளவுகோல் கோவூர்கிழார்மேலும் அவ்வாறே பொருந்தும். அவரும் நலங்கிள்ளியிடமிருந்து வந்தவரே! அவர் ஒற்றரல்லர் என்பதை நெடுங்கிள்ளி தன் செவியாற் கேட்ட கடுஞ்சொற்களால் அறிவான். ஆகவே பாடுபவர் அரசன்முன் நிற்கும் நிலையே, அவ்வளவுகோல் பிழைபடும் என்பதற்குச் சான்றாயிற்று. பொதுவிதியை உடைக்க வல்லதோர் எதிர்ச்சான்று, வாய்திறந்து பேசும் உருவில், கொலைக்கு முன்னர் அரசன் எதிரே வந்து நின்றது.

இனி இக்காலப் பொறி ஐயுறும் வகையைக் காண்பாம். முகமறி மென்பொருள் ஒரு முகத்தைக் கண்டு 'இவர் இன்னார்' என நாம் அறிவதுபோல் அறிவதில்லை. படத்திலுள்ள முகத்தை நீண்டதோர் எண்வரிசையாக மாற்றுகின்றது. ஏட்டில் உள்ள முகங்களின் எண்வரிசைகளோடு ஒப்பிட்டு, எவ்வளவு அண்மை, எவ்வளவு சேய்மை என அளக்கின்றது. முன்னரே வைத்த எல்லையைக் கடந்தால் பொருந்தும் என்கின்றது. எல்லையை வைப்பவர் மனிதர். தில்லிக் காவல்துறை நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட ஒப்புமையைப் பொருத்தமாகக் கொள்வதாக 2022இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழி வெளிவந்தது. எண்பது ஏன், எழுபத்தெட்டு ஏன் இல்லை என்பது எந்த அவையிலும் வழக்காடப்பெற்றதன்று. நம் மாநிலக் காவல்துறைக்கும் 2021இல் இத்தகு மென்பொருள் தொடங்கிவைக்கப்பெற்றது; 2024 மே மாதத்தில் அதன் தளத்துட் பிறர் புகுந்தமை வெளிப்பட்டது. காவலர் ஏடு திருடர் கைக்கு எட்டிய அச்செய்தி நாளிதழ்களில் இரண்டொரு நாளே நின்றது.

பொறி எல்லா முகத்தையும் ஒரு நிகராகக் காண்பதில்லை என்பதும் நிறுவப்பட்ட உண்மை. முகத்தை நோக்கி ஆணோ பெண்ணோ எனக் கூறும் வணிக மென்பொருள்கள் மூன்றனை சாய் புவோலம்வீனி, திம்னித் கெப்ரு என்னும் ஆய்வாளர் இருவர் 2018இல் ஆராய்ந்தனர். வெண்ணிற ஆடவரிடத்து நூற்றுக்கு 0.8 அளவைத் தாண்டாத பிழை, கருநிறப் பெண்டிரிடத்து 34.7 வரை சென்றது. கற்பித்த படங்களில் எம்முகம் மிகுதியோ அம்முகமே பொறிக்கு விளங்கும். கறுத்த மேனியர் வாழும் நாட்டில் இதன் பொருளை விரித்தல் வேண்டா.

உறையூரிலிருந்து ஆற்றைக் கடந்து திருவரங்கம் செல்வாம். வைகுந்த ஏகாதசியன்று பரமபத வாயில் திறக்கும்போது கூடும் பெருங்கூட்டத்தைக் காவலர் படக்கருவிகளால் நோக்குவது இன்று வழக்கம். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு வைத்துக்கொள்வாம். ஓரிலக்கம் பேர் ஒரு வாயிலைக் கடக்கின்றனர் என்க. அவருள் காவலர் தேடுவோர் பதின்மர் என்க. பொறியோ மிகச் சிறந்தது, ஆயிரத்துக்கு ஒருமுறையே குற்றமற்றாரைக் குற்றவாளியெனக் காட்டும் என்க. தேடப்படுவோர் பதின்மரையும் அது தப்பாது பிடித்தாலும், அவரோடு ஏறத்தாழ நூற்றுவர் குற்றமற்றோரும் பிடிபடுவர். பொறி சுட்டும் பதினொருவருள் ஒருவரே மெய்யாகத் தேடப்படுபவர். எஞ்சிய பதின்மரும் இளந்தத்தர்! 'நூற்றுக்கு 99.9 செம்மை' என்னும் விளம்பரம் பொய்யன்று. அது அப்பதின்மரைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை, அவ்வளவே.

பொறிகள் இரண்டு மூன்றைக் கொண்டு ஒப்புநோக்கினால் இக்குறை தீரும் என்பாருளர். இதற்குத் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் அரியதோர் அளவுகோல் தருகின்றது. ஒற்றர் மூவர் சொல் ஒத்தவழியே தெளியலாம் என்கின்ற வள்ளுவர், அவருள் ஒருவரை மற்றொருவர் அறியாதபடி ஆளல் வேண்டும் என்பதையும் உடன்வைத்தார். மூவர் என்னும் எண்ணைக் காட்டிலும் ஒருவரையொருவர் அறியாமை என்பதே அங்கு உயிர். ஒரே வகைப் படக்குவையால் கற்பிக்கப்பெற்ற மூன்று பொறிகள் மூன்று ஒற்றராகா. ஒரே ஒற்றன் மும்முறை கூறியதாகும். முகமறி மென்பொருள் காட்டிய படத்தைச் சான்றாளிக்குக் காட்டி 'இவன்தானே' என வினவிப் பெறும் உடன்பாடும் அத்தகையதே. அச்சான்றாளி பொறியை அறிந்த ஒற்றன்.

அமெரிக்க நாட்டுத் தெத்துராயித்து நகரில் 2020 சனவரியில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. இராபர்ட்டு வில்லியம்சு என்பாரை, கைக்கடிகாரத் திருட்டொன்றில் முகமறி மென்பொருள் காட்டிய பொருத்தத்தை அடியாகக் கொண்டு, மனைவி மக்கள் காணக் காவலர் பிடித்தனர். அவர் அப்படத்தைத் தம் முகத்தருகே பிடித்து இஃது யானல்லேன் என்றார். பொறி பிழைத்தது என்பது ஆண்டே உணரப்பட்டது. உணர்ந்த பின்னரும் அவர் உடனே விடப்பட்டாரல்லர். ஏறக்குறைய முப்பது மணி நேரம் காவலில் இருந்தார். நெடுங்கிள்ளியோடு இதனை ஒப்பிடுக. நெடுங்கிள்ளி கொடியன், ஆயினும் அவன் 'விடுக' என்றால் விடுவர். இங்கோ பிழையை நேரில் அறிந்தவரிடத்து விடும் ஆணை இல்லை. ஆணை உடையவர் எதிரில் இல்லை. 2024இல் அந்நகரக் காவல்துறை வழக்கில் உடன்பட்ட தீர்வின்படி, பொறியின் பொருத்தத்தை மட்டும் கொண்டு இனி எவரையும் பிடித்தல் ஆகாது.

நம் நாட்டிலும் காலமுறை தலைகீழாயின இடங்கள் உள. தெலங்காணாவில் 'சமக்ர வேதிகா' என்னும் கணிப்பொறி முறையின் துணைகொண்டு குடும்ப அட்டைகள் நீக்கப்பட்டன என்ற வழக்கில், சற்றேறக்குறைய 19 இலக்கம் அட்டைகளைப் பற்றி நேரிற் சென்று ஆராயுமாறு 2022 ஏப்பிரலில் உச்சநீதிமன்றம் பணித்தது. ஆராய்தல் முன்னும் நீக்கல் பின்னும் வருவதே முறை. ஆங்கு நீக்கல் முன்னும் ஆராய்தல் பின்னும் வந்தன. மதுரையில் கோவலனுக்கு நேர்ந்ததும் அம்முறையே. உறையூர்ப் புலவன் பிழைத்தது, கேட்டல் கொலைக்கு முன்னர் நிகழ்ந்தமையால்.

இக்கண்கொண்டு 2020ஆம் ஆண்டுக் கொள்கையைப் படிப்பாம். தமிழ்நாடு மின்னாளுமை முகமை சார்பில் எழுந்த அவ்வேடு, பொறிகளை மக்கள்மேற் செலுத்துமுன் அளத்தற்கு ஆறு தலைப்பு வகுத்தது: ஒளிவின்மையும் தணிக்கையும், பொறுப்பும் சட்டமும், தீய பயன்பாட்டைத் தடுத்தல், எண்மப் பிளவும் தரவுக் குறையும், அறம், நடுவுநிலை. இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டி 'டாம்-டெஃப்' எனப் பெயரிட்டது. மதிப்பெண் வழங்கற்கு 'டீப்-மேக்சு' என்னும் பட்டியும் அமைத்தது. இந்திய மாநிலங்கள் பல இத்துறையை நினையாத காலத்தில் இது வந்தது. தரவுக் குறையைத் தனித்தலைப்பாக்கியது நுண்ணறிவுடைய செயல். இவற்றை மறுப்பது நேர்மையன்று.

ஆயினும் இரண்டு இடர்ப்பாடுகள் உள. முதலாவது சொற்பற்றியது. அறத்தை ஆறனுள் ஒன்றாக, நடுவுநிலைக்குப் பக்கத்தில் நிறுத்திய வைப்பு ஆங்கில முதலெழுத்துகளுக்கு இசைந்தது. தமிழ்ப் பொருளுக்கு இசையாது. வள்ளுவர் நடுவுநிலைமையை அறத்துப்பாலின் அகத்தே வைத்தார். அறம் அதற்கு அயலதன்று, கொள்கலம். அறத்திற்கு நான்கு மதிப்பெண்ணும் நடுவுநிலைக்கு இரண்டும் பெறும் பொறி ஒன்று இருத்தல் கூடும் என்னும் எண்ணமே தமிழ்க் காதுக்குக் கரடாக ஒலிக்கின்றது.

இரண்டாவது இதனினும் பெரிது. மதிப்பெண் என்பது பொறியின் பொதுவியல்பைக் கூறுவது. உறையூர் வழக்கோ பொதுவியல்பைப் பற்றியதன்று. இந்த ஒருவனைப் பற்றியது. நெடுங்கிள்ளியின் ஐயமுறைக்கு மதிப்பெண் வழங்கியிருந்தால் அது நல்ல மதிப்பெண்ணே பெற்றிருக்கக் கூடும். பொறி செவ்விதென்று தேறிய பின்னும், அது சுட்டிய ஒருவர் எவரிடம் சென்று யானல்லேன் என உரைப்பது, உரைத்தபின் மீட்க வல்லார் யார் என்பன தனி வினாக்கள். பட்டியின் எந்தக் கூட்டுத்தொகையும் அவற்றுக்கு விடையாகாது.

இவ்வளவில் நில்லாது உறையூரின் இரண்டாம் வரலாற்றையும் நோக்கல் வேண்டும். முதல் வரலாறு மறைக்கும் குறையை அது வெளிப்படுத்தும். உறையூரிற் பாணர் குடியில் வளர்ந்த திருப்பாணாழ்வார், காவிரியின் தென்கரையில் நின்று அரங்கனை நோக்கிப் பாடித் தம்மை மறந்திருந்தார் என்றும், நீர் முகக்க வந்த உலோகசாரங்க முனிவர் விலகுமாறு கூவியும் விலகாமை கண்டு கல்லெறிந்தார் என்றும், அரங்கன் ஆணையால் அம்முனிவரே மறுநாள் அவரைத் தோளிற் சுமந்து கோயிலுட் சென்றார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. முனிவாகனர் என்னும் பெயர் அவர்க்கு வந்தது இதனால். பிறப்பைக் கொண்டு ஒருவரை வகைப்படுத்தி, அவ்வகை ஒன்றையே நோக்கி வாயிலை அடைக்கும் முறை பொறிக்கு முன்னரே நம்மிடம் இருந்தது. அதற்கு மின்விசை வேண்டியிருந்ததில்லை.

இவ்வரலாற்றில் போற்றத்தக்கது, எறிந்த கையே சுமந்தது என்பதாம். தீங்கு செய்தவர் இன்னார் எனத் தெரிந்தது. ஈடு செய்யும் கடன் அவர்மேலேயே வந்தது. தரவைத் தந்தவர் ஒருவர், பொறியை ஆக்கியவர் ஒருவர், வாங்கிய அலுவலகம் ஒன்று, பயன்படுத்தியவர் ஒருவர் எனப் பொறுப்பு நான்காகச் சிதறும் இக்காலத்தில், சுமக்க வேண்டிய தோள் எதுவென்று காட்டுவதே அரிதாகி விட்டது.

ஆனால் போற்றிய அளவில் விடலாகாது. தோளேறிச் சென்றவர் ஒருவரே. வாயில் மற்றைப் பாணர்க்குத் திறந்ததாக அவ்வரலாறு கூறவில்லை. சென்னை மாகாணத்தில் 1939இலும் 1947இலும் கோயில் நுழைவுச் சட்டங்கள் வந்தபோதே அது உரிமையாயிற்று; அதுகாறும் அருளாகவே இருந்தது. இதே குறை புறப்பாட்டிலும் உண்டு. இளந்தத்தன் பாட்டில் ஒரு சொல்லும் பேசவில்லை. அவன் உய்ந்தது கோவூர்கிழார் என்னும் பெரும்புலவர் உடனிருந்தமையால். அதே நாளில் அதே வாயிலில் நலங்கிள்ளியின் நாட்டிலிருந்து வந்த உப்பு வணிகன் ஒருவன் பிடிபட்டிருந்தால், அவனுக்காகப் பாடுவார் யார்? பரிசில் வாழ்க்கையின் பெருமை அவனுக்கு உதவாது. தொகைநூலில் அவனுக்குக் கொளுவும் இராது.

அருளை உரிமையாக்கும் பணி இந்தியச் சட்டத்தில் ஒருவாறு நடந்துள்ளது. கடவுச்சீட்டைக் காரணம் கூறாது பறித்த வழக்கில், மேனகா காந்தி தொடர்ந்தது, 1978இல் உச்சநீதிமன்றம் நெறி நேர்மையுடையதாதல் வேண்டும் என்றது. 2017இல் புட்டசாமி வழக்கில் நடுவர் ஒன்பதின்மர் அகவாழ்வின் மறைவு அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023ஆம் ஆண்டுத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணம்பற்றி அரசின் உறுப்புகளுக்கு விலக்களிக்க நடுவண் அரசுக்கு இடம் வைத்தது. ஐயுறும் அதிகாரம் எங்கு மிகுதியோ அங்கே விலக்கு. உப்பு வணிகன் நிலை இன்னும் மாறிற்றிலது.

பதிப்பு முறையைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1894இற் புறநானூற்றை அச்சிட்டபோது கொளுக்களையும் பாட்டோடு காத்தளித்தார். அக்கொளு நான்கு செய்திகளை வைத்துள்ளது: ஐயுற்றவன் யார், ஐயுறப்பட்டவன் யார், ஐயத்திற்கு அடி எது, முடிவு யாது. ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னரும் நெடுங்கிள்ளியை நாம் குறைகூற முடிவது அந்நான்கும் எழுதப்பட்டிருப்பதால். பொறி சுட்டிய பேரில் ஒருவரைத் தடுத்து நிறுத்தும் காவல் நிலையத்தின் ஏட்டிலும், ஓர் உதவித்தொகையை நிறுத்தும் அலுவலகத்தின் ஆணையிலும் அந்நான்கும் உளவா எனத் தேடிப் பார்த்தல் நம் முதுகலை மாணாக்கரும் செய்யக்கூடிய ஆய்வே. கொளுவைப் படிக்கப் பழகிய கண் அதற்குப் போதும். கொள்கையின் ஆறு தலைப்புள் முதலாவதாகிய ஒளிவின்மையும் தணிக்கையும் என்பதன்கீழ், திருத்தம் வரும்போது, இந்நான்கையும் ஒவ்வோர் ஆணையிலும் தமிழில் எழுதிப் பாதிக்கப்பட்டவர் கையில், செயலுக்கு முன்னர், கொடுத்தல் வேண்டும் என்னும் விதி சேர்க்கப்பெறல் வேண்டும். ஐந்தாவதாக, மீட்கும் அதிகாரமுடையவரின் பெயரும்.